ஷெல்டர்பாக்ஸ்

ஷெல்டர்பாக்ஸ் என்பது இயற்கைப் பேரிடர்களாலும் போர்களாலும் வீடிழந்த குடும்பங்களுக்குத் தற்காலிக உறைவிடமும் வீட்டுப் பயன்பாட்டுப் பொருட்களும் வழங்கும் தொண்டு நிறுவனம் ஆகும். இது 2000 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள ஹெல்ஸ்டன் என்னும் சிறு நகரில், ஹெல்ஸ்டன்-லிசார்ட் ரோட்டரி சங்கத்தின் சேவைத் திட்டமாகத் தொடங்கப்பட்டது. கூடாரம், போர்வைகள், நீர் வடிகட்டி, சமையல் பாத்திரங்கள் ஆகியன அடங்கிய பச்சை நிற நெகிழிப் பெட்டியே இந்நிறுவனத்தின் அடையாளம் ஆகும். இதன் பெயருக்கு 'உறைவிடப் பெட்டி' என்பது பொருள். இதன் தலைமையகம் தற்போது கார்ன்வாலின் ட்ரூரோ நகரில் உள்ளது.

பின்னணி

ரோட்டரி இயக்கம் 1905 பெப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞராலும் அவருடைய நண்பர்கள் மூவராலும் தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் சுழற்சி முறையில் கூடியதால் இப்பெயர் அமைந்தது. சென்னையிலும் கொழும்பிலும் 1929 இல் ரோட்டரி சங்கங்கள் தோன்றின.

ஒவ்வொரு சங்கமும் தன் ஊரின் தேவைக்கேற்பச் சேவைத் திட்டங்களைத் தானே தெரிவு செய்கிறது. உறுப்பினர்கள் வணிகர், மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் எனப் பல தொழில்களைச் சேர்ந்தவர்கள். கட்சி அரசியலிலும் சமயத்திலும் சார்பு கொள்ளாமை இவ்வியக்கத்தின் நெறி ஆகும். போர்ச் சூழலில் உதவி வழங்கும்போது இந்நெறி சிறப்பிடம் பெறுகிறது.

தோற்றம்

ஷெல்டர்பாக்ஸ் திட்டத்தை முன்மொழிந்தவர் டாம் ஹென்டர்சன். இவர் பிரித்தானியக் கடற்படையில் மீட்புப் பணி முக்குளிப்பாளராக இருந்தவர், ரோட்டரி உறுப்பினர். பேரிடர் ஒன்றைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்தியில், சரக்குந்தின் பின்புறத்திலிருந்து ரொட்டிகள் தரையில் வீசப்படுவதையும் மக்கள் அவற்றை முண்டியடித்துப் பொறுக்குவதையும் அவர் கண்டார். உணவும் மருந்தும் ஓரளவு சென்று சேர்ந்தாலும், தங்குவதற்கான இடம் பெரும்பாலும் கவனிக்கப்படவில்லை என்று அவர் கருதினார். ஒரு குடும்பம் தன்மானத்துடன் சில மாதங்கள் வாழத் தேவையானவற்றை ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பலாம் என்னும் எண்ணம் இதிலிருந்து பிறந்தது. ஹெல்ஸ்டன்-லிசார்ட் சங்கம் இதனைத் தன் புத்தாயிரம் ஆண்டுத் திட்டமாக ஏற்றது.

2001 சனவரி 26 அன்று குசராத்தில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. முதல் தொகுதியாக 143 பெட்டிகள் அங்கு அனுப்பப்பட்டன. 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் பணியின் அளவு பன்மடங்கு பெருகியது. பின்னர் ஷெல்டர்பாக்ஸ் தனித்தியங்கும் தொண்டு நிறுவனமாக வளர்ந்தது. 2012 இல் பேரிடர் உதவிப் பணியில் பன்னாட்டு ரோட்டரியின் திட்டப் பங்காளி என்னும் நிலையை அது பெற்றது.

பெட்டியில் உள்ளவை

பெட்டியின் உள்ளடக்கம் இடத்திற்கும் தட்பவெப்பத்திற்கும் ஏற்ப மாறும். பொதுவாக இடம்பெறுபவை:

* குடும்பக் கூடாரம்
* போர்வைகளும் தரைவிரிப்புகளும்
* நீர் வடிகட்டி, நீர்க் கொள்கலன்
* சமையல் பாத்திரங்கள், தட்டுகள், குவளைகள்
* சூரிய ஒளி விளக்குகள்
* கொசுவலைகள்
* சுத்தியல், இரம்பம் முதலிய கருவிகள்
* குழந்தைகளுக்கான எழுது பொருட்கள்

பொருட்களை வெளியே எடுத்த பின்னர் வெறும் பெட்டியும் பயன்படும். நீர் சேமிக்கவும், தானியம் வைக்கவும், சில வேளைகளில் மேசையாகவும் குடும்பங்கள் இதனைப் பயன்படுத்துவது உண்டு.

தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் இடப்பட்டது. ஒரு சங்கமோ பள்ளியோ ஒரு பெட்டிக்கான தொகையைத் திரட்டித் தந்தால், அந்தப் பெட்டி எந்த நாட்டிற்குச் சென்றது என்பதை எண்ணைக் கொண்டு அறியலாம். சிறிய சங்கங்களும் ஆர்வத்துடன் பங்கேற்க இம்முறை துணைபுரிந்தது.

செயற்படும் முறை

பெட்டிகளும் பிற பொருட்களும் துபாய், பனாமா உள்ளிட்ட இடங்களில் உள்ள கிடங்குகளில் முன்கூட்டியே சேமித்து வைக்கப்படுகின்றன. கடுமையான பயிற்சியில் தேறிய தன்னார்வலர்கள் பாதிக்கப்பட்ட பகுதிக்குச் சென்று தேவையை மதிப்பிடுகின்றனர். அங்குள்ள ரோட்டரி சங்கங்கள் சுங்கத் தீர்வை விலக்குப் பெறுதல், கிடங்கு, சரக்குந்து, மொழிபெயர்ப்பாளர் ஆகியவற்றை ஏற்பாடு செய்தல் போன்றவற்றில் உதவுகின்றன. வெளிநாட்டுக் குழு ஒன்று பல நாட்கள் அலைந்து பெறக்கூடிய அனுமதியை, உள்ளூரில் அறிமுகமான உறுப்பினர் விரைவில் பெற்றுத் தர இயலும். பணம் திரட்டும் பணியைப் போலவே இவ்வுதவியும் சங்கங்களின் முதன்மையான பங்களிப்பு ஆகும்.

போரால் இடம்பெயர்ந்தோருக்கான பணி

இத்திட்டம் முதலில் நிலநடுக்கம், வெள்ளம், சூறாவளி ஆகியவற்றை மனத்தில் கொண்டே வகுக்கப்பட்டது. இயற்கைப் பேரிடரில் மக்கள் பெரும்பாலும் தம் வீட்டின் அருகிலேயே தங்கி, சில மாதங்களில் மீளக் கட்டத் தொடங்குவர். போரில் நிலைமை வேறு. மக்கள் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் பல முறை இடம்பெயர்கின்றனர். பாரமான பெட்டியைச் சுமந்து செல்ல அவர்களால் இயலாது. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் போர்முனைக்கு அருகே செல்வதும் அரிது.

மேலும், 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை நாட்டின் எல்லையைக் கடந்தவர்களையே அகதிகள் என வரையறுக்கிறது. எல்லையைக் கடக்காதவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் எனப்படுகின்றனர். ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையரகத்தின் கணக்கின்படி, 2024 இறுதியில் உலகில் வலிந்து இடம்பெயர்க்கப்பட்டோர் 12.32 கோடி பேர். அவர்களுள் 7.35 கோடி பேர் தம் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் ஆவர்.

சிரியா

சிரியாவில் 2011 மார்ச்சில் எழுந்த மக்கள் போராட்டம் விரைவில் உள்நாட்டுப் போராக மாறியது. ஷெல்டர்பாக்ஸ் 2012 இல் சிரிய மக்களுக்கான பணியைத் தொடங்கியது. அண்டை நாடான லெபனான், சிரிய அகதிகளுக்கு அரசு முகாம்களை அமைக்கவில்லை. இதனால் பல குடும்பங்கள் கட்டி முடிக்கப்படாத கட்டடங்களிலும் வாகனக் கொட்டகைகளிலும் வயல் ஓரக் குடில்களிலும் வாழ்ந்தன. இத்தகைய இடங்களில் கூடாரத்தைவிட, திறந்த சன்னல்களையும் கூரை இடைவெளிகளையும் மூடுவதற்கான தார்ப்பாய், மரச்சட்டம், ஆணி ஆகியனவே பெரிதும் தேவைப்பட்டன. தார்ப்பாயும் கயிறும் கருவிகளும் அடங்கிய, எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய உறைவிடப் பைகளை ஷெல்டர்பாக்ஸ் பெட்டிக்கு மாற்றாக வழங்கி வருகிறது. சிரியாவின் உள்ளே, ரிலீஃப்எய்டு என்னும் நியூசிலாந்து நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் வழியாக உதவி சென்றது.

சாட் ஏரிப் படுகை

போக்கோ அராம் ஆயுதக் குழுவின் தாக்குதல்களால் வடகிழக்கு நைசீரியாவிலிருந்து மக்கள் கமரூன், சாட், நைசர் ஆகிய நாடுகளுக்குத் தப்பிச் சென்றனர். வடக்குக் கமரூனில் உள்ள மினவாவோ முகாம் 2013 இல் திறக்கப்பட்டது. ஷெல்டர்பாக்ஸ் இங்குள்ள அகதிகளுக்கு உறைவிடப் பொருட்களை வழங்கியுள்ளது.

உக்ரைன்

2022 பெப்ரவரி 24 அன்று உருசியா உக்ரைன் மீது முழு அளவில் படையெடுத்த பின்னர், போலந்து, உருமேனியா, மல்தோவா முதலிய நாடுகளின் ரோட்டரி சங்கங்கள் அகதிகளுக்குத் தங்குமிடமும் உணவும் ஏற்பாடு செய்தன. உக்ரைன் சங்கங்கள் தம் ஊர்களில் மருந்தும் பொருட்களும் பகிர்ந்தன. ரோட்டரி அறக்கட்டளை உக்ரைனுக்கென 1.5 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் நன்கொடை திரட்டியது. ஷெல்டர்பாக்ஸ் மெத்தைகள், வெப்பம் காக்கும் போர்வைகள், சூரிய ஒளி விளக்குகள், துப்புரவுப் பொருட்கள் ஆகியவற்றையும், குண்டுவீச்சில் சேதமடைந்த வீடுகளைக் குளிர்காலத்திற்கு முன் செப்பனிடுவதற்கான பொருட்களையும் வழங்கியது. பணவுதவியும் இப்பணியின் ஒரு பகுதியாக அமைந்தது.

வரம்புகள்

கூடாரத் துணி வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் நைந்துவிடும். அது சில மாதங்களுக்கான உறைவிடமே. போரால் இடம்பெயர்ந்தோரோ பல ஆண்டுகள் ஊர் திரும்ப இயலாமல் இருக்கின்றனர். மினவாவோ முகாம் பத்தாண்டுகளுக்கும் மேலாக நீடித்து வருவது இதற்கு எடுத்துக்காட்டு. தொழில் செய்யும் உரிமை, பள்ளிக் கல்வி, அடையாள ஆவணம், பாதுகாப்பாக ஊர் திரும்புதல் ஆகியன அரசுகளின் முடிவைச் சார்ந்தவை. இவற்றை எந்தப் பெட்டியிலும் வைத்து அனுப்ப இயலாது.

ஒரே வகைப் பொருட்களை எல்லா இடங்களுக்கும் அனுப்புவது சிக்கனமானதா என்னும் கேள்வியும் பேரிடர் உதவித் துறையில் உண்டு. சந்தை இயங்கும் இடங்களில், பொருட்களைத் தொலைவிலிருந்து கொண்டு வருவதைவிடப் பணமாக வழங்குவது குடும்பங்களுக்குத் தெரிவுரிமை அளிக்கும் என்னும் கருத்து வலுப்பெற்றுள்ளது. கடைகள் அழிந்த, பாதைகள் அடைக்கப்பட்ட இடங்களில் பொருளுதவிக்கு மாற்று இல்லை. எனவே ஒவ்வோர் இடத்திலும் இடம்பெயர்ந்தோரிடமே தேவையைக் கேட்டறிந்து, பெட்டி, பை, தனிப்பொருள், பணம் ஆகியவற்றுள் ஏற்றதைத் தெரிவு செய்யும் முறையை ஷெல்டர்பாக்ஸ் பின்பற்றி வருகிறது.