நெஞ்சைத் திறந்தால்தான் பணம்

முப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஏஜென்டாக அலைந்தவன் நான். தீவிர நோய் பாலிசி விற்கும்போது, அதைத் தொடங்கிவைத்தவர் ஒரு டாக்டர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவின் மாரியஸ் பர்னார்ட். 1967இல் கேப் டவுனில் உலகின் முதல் மனித இதய மாற்று சிகிச்சையைச் செய்த கிறிஸ்டியான் பர்னார்டின் தம்பி. அந்தக் குழுவில் இவரும் இருந்தார். ஆபரேஷனில் பிழைத்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பணத்துக்குத் திண்டாடுவதைப் பார்த்தார். ஆயுள் காப்பீடோ செத்தால்தான் பணம் தரும். 1983இல் க்ரூசேடர் லைஃப் நிறுவனத்தோடு சேர்ந்து, நோய் வந்தால் உயிரோடிருக்கும்போதே பணம் தரும் புதுப் பாலிசி கொண்டுவந்தார். மாரடைப்பு, புற்றுநோய், பக்கவாதம், இதய பைபாஸ் ஆபரேஷன் என நான்குக்கு மட்டும்.

பட்டியல் வளர வளர, வார்த்தைகளும் இறுகின. நம் ஊரில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விளக்கம் இருந்தது. 2013இல் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லாருக்கும் ஒரே வரையறை வகுத்தது. அதில் பைபாஸ் என்றால் நெஞ்சைத் திறந்து செய்ததுதான். சிறுதுளை வழியே செய்தால் காசில்லை. 2016இல்தான் சிறுதுளை முறையையும் சேர்த்தார்கள். ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி அப்போதும் வெளியேதான்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்ட என் வாடிக்கையாளர் ஒருவர் நிராகரிப்புக் கடிதத்தை நீட்டி, "இதயத்துலதானே சார் கை வெச்சாங்க?" என்றார். பதில் பதினோராம் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. விற்ற அன்று அந்தப் பக்கத்தை நான் புரட்டிக் காட்டியிருக்கவில்லை.