சுவரும் திரையும்

புதுச்சேரிச் சம்பாக் கோயிலில் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1745ஆம் ஆண்டில் அகற்றப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். சுவர் போயிற்று; அதை எழுப்பிய மனம் போயிற்றா? இவ்வினா எழும்போதெல்லாம், இன்று ஒரு படியும் எஞ்சாத மௌனப் படமொன்றின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது.

அகஸ்தீஸ்வரத்துக் கிறிஸ்தவரான ஜே. சி. டானியேல் தம் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் எடுத்த ‘விகதகுமாரன்’ மலையாளத்தின் முதற்படமாகும். அது 1928இல் திரையிடப்பட்டதென்பர் சிலர். 1930இல் என்பர் வேறு சிலர். புராணக் கதைகளே பெரிதும் படமான அந்நாட்களில் அவர் சமூகக் கதையைத் தேர்ந்தார். நாயர் குலப் பெண்ணாக நடித்தவரோ புலையர் குலத்தில் பிறந்த பி. கே. ரோஸி. நாயகன் அவர் கூந்தல் மலரை முத்தமிடும் காட்சியில் அவையோர் வெகுண்டு திரைமீது கல்லெறிந்தனர் என்பர். ரோஸியின் குடிசை எரிக்கப்பட்டது. அவர் தமிழகம் வந்து, மணம் புரிந்து, பெயர் மாற்றி, மறைந்து வாழ்ந்தார். டானியேல் வறுமையுற்று 1975இல் காலமானார். 1992இல்தான் கேரள அரசு அவர் பெயரால் விருது ஏற்படுத்தியது.

அக்காதல் வெறும் நிழல். ஆயினும் பிறப்பை எண்ணியோர் நிழலையும் பொறுக்கவில்லை. சீர்திருத்தச் சபையினராகிய நாம் இதனைப் பிறர் குற்றமென ஒதுக்கலாகாது. ஒரே அப்பத்தில் பங்கு பெறுவோரே மணப்பேச்சு எழுந்ததும் குலம் வினவுகின்றனர். கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தைப் பிரசங்க பீடத்தில் போதிக்கும் நாம், அதனை மணமக்களின் பெற்றோர் முன்பும் போதிக்கிறோமா?