மதிப்பெண் தாளைக் கேட்ட இருவர்

ஆய்வு நிதி கேட்டு நான் அனுப்பிய முதல் திட்டம் நிராகரிக்கப்பட்டபோது வந்த கடிதம் மூன்றே வரி. யார் படித்தார்கள், எத்தனை மதிப்பெண் போட்டார்கள், எதில் குறை கண்டார்கள் என்று அதில் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்த நான், இன்னும் இரண்டு கட்டுரை வெளியிட்டால் அடுத்த முறை கிடைத்துவிடும் என்று ஆய்வகத்துக்குத் திரும்பினேன். காரணத்தைக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை.

கேட்ட இரண்டு பெண்களைப் பற்றிப் பின்னால்தான் படித்தேன். கிறிஸ்டின் வென்னெராஸ், அக்னெஸ் வோல்ட் இருவரும் சுவீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வாளர்கள். அப்போது அந்நாட்டில் உயிர்மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்களில் 44 சதவீதம் பெண்கள். பேராசிரியர்களிலோ 7 சதவீதம்தான். இடையில் இவர்கள் எங்கே போனார்கள்? பட்டத்துக்குப் பின் ஆய்வைத் தொடர நிதி தருவது மருத்துவ ஆய்வு மன்றம். 1995இல் அதற்கு 62 ஆண்களும் 52 பெண்களும் விண்ணப்பித்தார்கள். தேர்வான 20 பேரில் பெண்கள் 4 பேர்.

பெண்களின் தகுதி போதவில்லை என்பதுதான் வழக்கமான பதில். இருவரும் மதிப்பெண் தாள்களைக் கேட்டார்கள். மன்றம் மறுத்தது. 1766 முதல் சுவீடனில் அரசு ஆவணங்களைப் பார்க்கக் குடிமக்களுக்குச் சட்ட உரிமை உண்டு. அந்த உரிமையைக் கொண்டு அவர்கள் மேல்முறையீடு செய்ய, தாள்கள் பொது ஆவணங்களே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1997இல் 'நேச்சர்' இதழில் கணக்கு வெளியானது. ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே தகுதி மதிப்பெண்ணைப் பெற, ஒரு பெண் ஏறத்தாழ 2.5 மடங்கு அதிகம் சாதித்திருக்க வேண்டும். நேச்சர், சயின்ஸ் போன்ற இதழ்களில் கூடுதலாக 3 கட்டுரை, அல்லது துறையின் சிறந்த இதழ்களில் கூடுதலாக 20. என்னுடைய இரண்டு கட்டுரை எம்மாத்திரம்!

இன்னொன்றும் வெளிப்பட்டது. தேர்வுக்குழுவில் தெரிந்தவர் இருந்தாலும் மதிப்பெண் கூடியது. ஆணாக இருப்பதற்குக் கிடைத்த சலுகையும் இதுவும் கிட்டத்தட்டச் சமம். தெரிந்தவர் மதிப்பிடக் கூடாது என்று விதி இருந்தது. அவர் ஒதுங்கிக்கொண்டார், சக உறுப்பினர்கள் தாராளமாகப் போட்டார்கள். சாதியும் சிபாரிசும் கைகோத்து நடக்கும் நம் நாட்டில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

2008இல் வேறு இருவர் அதே நாட்டின் மருத்துவ ஆய்வு நிதியை மறுபடி ஆராய்ந்தார்கள். பெண்களுக்கு எதிரான சாய்வு தென்படவில்லை. அறிமுகச் சலுகை அப்படியே இருந்தது. பத்தாண்டுகளில் ஒன்று மாறியிருக்கிறது என்பது எனக்குச் சிறிய செய்தியல்ல. தகுதி என்பது தராசில் நிறுத்த எடை என்று நம்பியிருந்தேன். அதைப் போடும் கை ஒன்று உண்டு. பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கை திருந்தவும் செய்யும்.

இப்போது இளம் ஆசிரியைகள் நிராகரிப்புக் கடிதத்தோடு என்னிடம் வருகிறார்கள். இன்னும் உழையுங்கள் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். நமக்கும் 2005 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கேட்டதெல்லாம் கிடைக்காமல் போகலாம். ஆனாலும் முதலில் மதிப்பெண் தாளைக் கேளுங்கள் என்கிறேன்.