அமெரிக்க உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் வீரர்களின் திறன் மதிப்பீடு

அமெரிக்காவில் 17, 18 வயதில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பேஸ்பால் வீரர்களின் பேட்டிங், ஃபீல்டிங், பிட்சிங் திறன்களை நேரில் பார்த்து, அவர்கள் ஆளாகி முதிர்ந்த பின் மேஜர் லீக் என்னும் உச்சநிலைத் தொழில்முறை ஆட்டத்தில் எந்த இடத்துக்கு வருவார்கள் என்று கணிக்கும் தொழில்முறைப் பணி. இதைச் செய்பவர் ஸ்கவுட். அணிகள் நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, ஆளுக்கொரு வட்டாரத்தை ஒப்படைக்கின்றன. வட்டார ஸ்கவுட் எழுதி அனுப்பும் அறிக்கைதான் ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்ட் என்னும் வீரர் தேர்வுக்கு அடிப்படை. 1965-இல் தொடங்கிய இந்தத் தேர்வு 2012 முதல் 2019 வரை 40 சுற்றுகளாக நடந்தது; 2021 முதல் 20 சுற்றுகள். தேர்வான பையன் ஒப்பந்தத்தை மறுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகலாம். ஆகவே ஒருவனுக்கு எவ்வளவு பணம் கொடுத்தால் சம்மதிப்பான் என்பதையும் ஸ்கவுட் விசாரித்து எழுத வேண்டியிருக்கிறது.

மதிப்பெண் 20 முதல் 80 வரை. 50 என்றால் மேஜர் லீக் சராசரி. பள்ளி ஆட்டத்தின் சராசரி அல்ல. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஜாக்கி ராபின்சனைக் கொண்டுவந்த நிர்வாகி பிராஞ்ச் ரிக்கியின் பெயரோடு சேர்த்து இந்த அளவுகோலைச் சொல்வது வழக்கம். ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு எண்கள் இடப்படுகின்றன: இன்றைக்கு உள்ளது ஒன்று, எதிர்பார்க்கப்படுவது மற்றொன்று. பள்ளியிலேயே சிறந்த பேட்டர் என்று பெயர் வாங்கியவனுக்கும் இன்றைய மதிப்பாக 20 அல்லது 25 விழும். அதே வரியில் எதிர்காலத்துக்கு 55 இருக்கும். அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கணிப்பதுதான் இந்தத் தொழில். பிட்சர் அல்லாத வீரரிடம் பார்க்கப்படுபவை ஐந்து: பந்தைத் தவறாமல் அடிப்பது, அடியின் வலு, ஓட்டம், எறியும் கையின் பலம், ஃபீல்டிங்.

இவற்றில் ஓட்டத்தையும் எறிதலையும் அளந்துவிடலாம். வலக்கை பேட்டர் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு உள்ள 90 அடியை 4.3 விநாடியில் ஓடினால் சராசரி. இடக்கை பேட்டர் பேஸுக்குச் சற்று அருகில் நிற்பதால் அவருக்கு 4.2. கடினமானது பேட்டிங்தான். காரணம் பையனிடம் இல்லை, எதிரே நிற்பவரிடம் இருக்கிறது. சாதாரணப் பள்ளி ஆட்டத்தில் பிட்சர் மணிக்கு 80 மைல் வேகத்தைத் தொட்டாலே பெரிது. மேஜர் லீக்கில் நேர்வேகப் பந்தின் சராசரியே இப்போது 94 மைல். கையை விட்ட பந்து பேட்டரை அடைய ஏறத்தாழ 0.4 விநாடிதான் ஆகிறது. பலவீனமான பந்துவீச்சுக்கு எதிராக ஒருவன் .500 பேட்டிங் சராசரி வைத்திருப்பதால் எதுவும் நிரூபணமாகிவிடாது. போதாக்குறைக்குப் பள்ளிகளில் ஆடுவது உலோக மட்டையில். 2012-இல் வந்த விதி அந்த மட்டைகளின் துள்ளலைக் குறைத்து மரத்துக்கு நெருக்கமாக்கியது என்றாலும், மர மட்டையில் கைப்பிடியருகே பட்டால் மட்டையே உடையும். உலோகத்தில் அதே பந்து ஃபீல்டர்களைத் தாண்டிப் போய் விழுந்து ஒரு ஹிட்டாகக் கணக்கில் சேரும். மர மட்டை மட்டுமே அனுமதிக்கப்படும் கோடைக்காலத் தேர்வு ஆட்டங்களை ஸ்கவுட்டுகள் தவறவிடாததற்கு இதுவே காரணம்.

எண்கள் கைகொடுக்காததால் உடலைப் படிக்க வேண்டியிருக்கிறது. வலக்கை பேட்டர் என்றால் ஸ்கவுட் முதல் பேஸ் பக்கம் போய் நின்றுகொள்வார். அங்கிருந்துதான் பையனின் முகமும் நெஞ்சும் கைகளும் ஒருசேரத் தெரியும். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து பயிற்சி அடிகளைப் பார்ப்பார். முன்கால் ஊன்றும்போது கைகள் பின்னால் தங்குகின்றனவா, காலோடு சேர்ந்து முன்னே ஓடிவிடுகின்றனவா என்பது முதல் கேள்வி. கைகள் தங்கினால், வளைந்து தாமதமாக வரும் பந்துக்கும் பையன் காத்திருந்து அடிக்க முடியும். அடுத்து, அடிக்காமல் விட்ட பந்துகள். காலடியில் விழுந்த வளைபந்தைத் தலை அசையாமல் கடைசி வரை பார்த்து விட்டவன், ஒரு ஹிட்கூட அடிக்காத நாளிலும் நல்ல குறிப்புப் பெறுவான். வலு பிறகு வரும்: தோள் அகலம், மணிக்கட்டு, அப்பாவின் உயரம். பந்து மட்டையை விட்டுப் பறக்கும் வேகத்தைக் கருவிகள் இன்று துல்லியமாகச் சொல்கின்றன. ஆனால் எந்தப் பந்தை அடிக்கத் தேர்ந்தெடுத்தான் என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மைக் ட்ரவுட்டின் கதை இதற்குச் சான்று. நியூ ஜெர்சி மாநிலத்தின் மில்வில் என்ற சிற்றூர்ப் பள்ளியில் அவர் ஆடினார். குளிர் பிரதேசம், வசந்தகாலப் பருவம் குறுகியது, எதிர்ப்பும் பலமில்லை. தெற்கிலும் கலிபோர்னியாவிலும் ஆண்டு முழுவதும் ஆடும் பையன்களையே நம்பிப் பழகியவர்கள் அவரைத் தள்ளி வைத்தார்கள். ஏஞ்சல்ஸ் அணியின் ஸ்கவுட் கிரெக் மோர்ஹார்ட், ட்ரவுட்டின் தந்தையோடு ஒரு காலத்தில் மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான சிறு லீக்கில் ஆடியவர். மகனின் வேகத்தையும் உடற்கட்டையும் பார்த்து விடாப்பிடியாகப் பரிந்துரைத்தார். 2009 தேர்வில் 25-ஆவது இடத்தில் ஏஞ்சல்ஸ் அவரை எடுத்தபோது ட்ரவுட்டுக்கு 18 வயது நிரம்பவில்லை. 2014, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். உடன் படிப்பவர்களைவிட ஒரு வயது இளையவன் அதே ஆட்டத்தை ஆடினால் அவன் கூடுதல் மதிப்புக்கு உரியவன் என்பதைப் பல அணிகள் இப்போது கணக்கில் கொள்கின்றன.

ஃபீல்டிங்கைப் பொறுத்தவரை, பள்ளியின் சிறந்த வீரன் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையிலுள்ள ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிற்பான். உடல் தடித்த பின்னும் அங்கே நீடிப்பானா என்பதே கேள்வி. ஷார்ட்ஸ்டாப்பாகத் தேர்வான சிப்பர் ஜோன்ஸ் புகழ்பெற்றது மூன்றாம் பேஸில். தவறுகளின் எண்ணிக்கையை ஸ்கவுட்டுகள் பெரிதாக எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. மிச்சிகனின் கலமஸூ சென்ட்ரல் பள்ளியிலிருந்து 1992-இல் ஆறாவதாகத் தேர்வான டெரக் ஜீட்டர், மறு ஆண்டு சிறு லீக்கில் 56 பிழைகள் செய்தார். பின்னாளில் ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருதை ஐந்து முறை வென்றார். மட்டையில் பட்ட கணத்தில் எடுத்து வைக்கும் முதல் அடி, பந்தின் துள்ளலோடு இசையும் கைகள், ஓடிக்கொண்டே எறியும் நிதானம் ஆகியவை அறிக்கையில் இடம்பெறும். கேட்சருக்கு மட்டும் தனிக் கணக்கு: பந்து அவர் கையுறையில் விழுந்ததிலிருந்து, அவர் எறிந்து அது இரண்டாம் பேஸைச் சேர 2 விநாடி என்பது நல்ல அளவு.

பிட்சரைப் பார்க்க ஸ்கவுட்டுகள் கூட்டமாக வருவார்கள். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ரேடார் துப்பாக்கிகள் வரிசையாக உயரும். வேகம் எளிதில் தெரிவதாலேயே அது கண்ணை மறைக்கவும் செய்கிறது. முதல் இன்னிங்ஸில் 95 மைல் எறிந்தவன் ஐந்தாவதில் எவ்வளவு எறிகிறான், களைத்த பிறகும் கை அதே உயரத்தில் வருகிறதா, வளைபந்தை எறியும்போது அசைவு மாறிக் காட்டிக்கொடுக்கிறதா என்பவை அதைவிட முக்கியம். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய முடிந்தவனுக்கே பந்தின் மீது கட்டுப்பாடு வரும். டல்லஸ் நகரையொட்டிய ஹைலண்ட் பார்க் பள்ளியின் கிளேட்டன் கெர்ஷா 2006-இல் ஏழாவதாகத் தேர்வாகி, இரண்டே ஆண்டுகளில் டாட்ஜர்ஸ் அணிக்கு எறிந்தார்.

ஆனால் பள்ளிப் பிட்சர்தான் இந்தச் சந்தையில் மிகப் பெரிய ஆபத்து. 2025 வரை தேர்வில் முதலிடம் பெற்ற பள்ளிப் பிட்சர்கள் மூவர், மூவருமே இடக்கையர். 1973-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் எடுத்த டேவிட் கிளைட், அதே ஆண்டு ஜூன் 27 அன்று நேரடியாக மேஜர் லீக் மேடையில் நிறுத்தப்பட்டார். நலிந்த அணிக்குக் கூட்டம் சேர்ந்தது. பையனுக்குப் பக்குவப்படக் காலம் தரப்படவில்லை. 18 வெற்றி, 33 தோல்வியோடு 1979-இல் அவரது மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. இதற்கு ஸ்கவுட்டுகளைக் குறை சொல்வது நியாயமல்ல. கணிப்பைப் பொறுமையின்றிச் செலவழித்தது நிர்வாகம். 1991-இல் யாங்கீஸ் எடுத்த பிரையன் டெய்லர் ஒரு கைகலப்பில் தோள் கிழிந்து, மேஜர் லீக்கைப் பார்க்காமலே போனார். 2014-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் எடுத்த பிரேடி ஐகனின் முழங்கை குறித்து மருத்துவப் பரிசோதனையில் ஐயம் எழ, ஒப்பந்தம் முறிந்தது. மறு ஆண்டே அவருக்கு முழங்கைத் தசைநார் அறுவைச் சிகிச்சை நடந்தது.

அதே 2014-இல் மேஜர் லீக்கும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் வயதுவாரியாக எறிதல் வரம்புகளை வெளியிட்டன: 17, 18 வயதினருக்கு ஒரு நாளில் 105 பந்துகள், எறிந்த எண்ணிக்கைக்கு ஏற்ப ஓய்வு நாட்கள். 2017 முதல் பள்ளி ஆட்டங்களிலும் ஓய்வு விதி கட்டாயமானது. பள்ளிக்கு வெளியே காட்சி ஆட்டங்களில் வேகத்தைக் காட்டியே தீர வேண்டிய பையனுக்கு இந்தக் காவல் முழுமையாக எட்டுவதில்லை. அதனால் கவனமான ஸ்கவுட், ரேடாரில் தெரியும் எண்ணோடு, முந்தைய கோடையில் அவன் எத்தனை பந்துகள் எறிந்தான் என்பதையும் பயிற்சியாளரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறார்.