குமுளிக் கடைவீதியின் வரலாறு

லோயர் கேம்ப்பிலிருந்து ஏறும் மலைச்சாலை, கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்குக் கோடியில் குமுளியில் முடிகிறது. சோதனைச் சாவடிக்கு இப்புறம் தேனி மாவட்டம், அப்புறம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்கிருந்து தேக்கடி ஏரிக்குப் போகும் சாலையில் ஏலக்காய், மிளகு, மர யானை, பித்தளை விளக்கு, சால்வை, கம்பளம் என்று கடைகள் வரிசையாக நிற்கின்றன. மலைப்பாதையின் தங்கல் ஊராக இருந்த குமுளி கைவினைக் கடைவீதியாக மாறுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

தொடக்கத்தில் இது மதுரைச் சீமைக்கும் திருவிதாங்கூருக்கும் இடையிலான கணவாய். கீழிருந்து நெல்லும் உப்பும் துணியும் ஏறின. மேலிருந்து ஏலக்காயும் மிளகும் தேனும் இறங்கின. தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும் நடந்த இந்த வணிகத்தில் கைவினைப் பொருளுக்கென்று தனி இடம் இருக்கவில்லை. கூடையும் முறமும் பாயும் வீட்டுத் தேவைக்குக் கைமாறின.

ஊரின் போக்கை மாற்றியது முல்லைப் பெரியாறு அணை. 1886ஆம் ஆண்டு சென்னை அரசாங்கமும் திருவிதாங்கூரும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் செய்துகொண்டன. 1887இல் தொடங்கிய வேலை 1895இல் பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் முடிந்தது. கட்டுமானச் சாமான்கள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் பள்ளத்தாக்கைக் கடந்து மலையேறின. அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து வயல்களை நனைத்தது. மலைமேல் தேங்கிய நீர் தேக்கடி ஏரியானது.

ஏலத்தோட்டங்கள் பெருகப் பெருக, பள்ளத்தாக்குக்கும் மலைக்கும் இருந்த உறவும் இறுகியது. கம்பம், கூடலூர், போடி ஊர்க்காரர்கள் மேலே தோட்டம் வாங்கினார்கள். தோட்ட வேலைக்கும் கீழிருந்தே ஆட்கள் போனார்கள். இன்றும் விடியற்காலையில் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. 1928இல் மதுரை–போடி ரயில் பாதை வந்தபின் போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தையாக வளர்ந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பீர்மேடு வட்டம் கேரளத்தில் சேர்ந்தது. அதன்பின் பள்ளத்தாக்கின் மேல்வாசலில் மாநில எல்லை நின்றது.

ஏரிக்கரைக் காட்டை 1934இல் திருவிதாங்கூர் அரசு விலங்குகள் சரணாலயமாக்கியது. 1950இல் அது பெரியாறு சரணாலயமாக விரிந்தது. 1978இல் புலிகள் காப்பகமானது. மன்னர் குடும்பம் தங்கிய ஏரி மாளிகை விருந்தினர் விடுதியாயிற்று. படகில் போய் யானை பார்க்க வந்தவர்கள் ஊருக்குத் திரும்பும்போது கையில் எதையாவது கொண்டுபோக விரும்பினார்கள். முதலில் அது ஏலக்காயும் மிளகும்தான். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் நேந்திரங்காய் சிப்ஸும் அல்வாவும் வாங்கினார்கள்.

அலங்காரக் கைவினைப் பொருள்கள் பின்னால் வந்தன. 1952இல் அகில இந்தியக் கைவினை வாரியம் அமைந்தபின் கைவினைப் பொருளை நகரத்தாருக்கும் வெளிநாட்டாருக்கும் விற்பது அரசின் கொள்கையாயிற்று. தமிழ்நாட்டில் 1973இல் தொடங்கிய பூம்புகார் நிறுவனமும் இந்தக் கொள்கையின் வழியில் வந்ததே. சுற்றுலாத் தலங்களில் தனியார் கடைகளும் அதே பாதையைப் பிடித்தன. கேரளத்து மர யானை, கதகளி முகம், கயிற்றுப் பொருள்கள் ஆகியவை குமுளிக்கு வந்தது இப்படித்தான்.

1989க்குப் பிறகு காஷ்மீரில் கலவரம் மூண்டு அங்கே சுற்றுலா படுத்தது. காஷ்மீர் வணிகர்கள் கோவா, கோவளம், கொச்சி என்று தெற்கே இறங்கினார்கள். தேக்கடியிலும் கடை போட்டார்கள். பஷ்மினா சால்வை, முடிச்சுக் கம்பளம், காகிதக்கூழ்ப் பெட்டி, அக்ரூட் மரச் செதுக்கு வேலை எல்லாம் ஏலக்காய்க் கடைக்குப் பக்கத்திலேயே விற்பனைக்கு வந்தன. மூணாறு பார்த்துவிட்டு ஆலப்புழைக்குப் போகும் ஐரோப்பியப் பயணிகள் இவற்றின் முக்கிய வாடிக்கையாளர்கள் ஆனார்கள்.

வேறு ஊரில் செய்த பொருளை விற்பது, சுற்றுலாவுக்காக வளர்ந்த பல ஊர்களிலும் உள்ள நிலைதான். மெக்சிகோ அரசு 1970களில் திட்டமிட்டு எழுப்பிய கடற்கரை நகரம் கான்கூன். அங்கே விற்கும் கறுப்பு மட்பாண்டம் ஒவாஹாகாவிலிருந்தும் வெள்ளிநகை தாஸ்கோவிலிருந்தும் வருகின்றன. பயணி கூடும் இடத்தில் கடையும், கைத்திறன் பரம்பரையாக இருக்கும் இடத்தில் பட்டறையும் அமைகின்றன. இரண்டும் ஒரே ஊராக இருப்பது அரிது.

ஆனால் குமுளி மலைக்குச் சொந்தமான கைவினையும் உண்டு. இடுக்கி மலைகளில் வாழும் மன்னான், ஊராளி, முதுவர் முதலிய பழங்குடியினர் ஈற்றை என்ற மூங்கில் வகையை மெல்லிய இழைகளாகச் சீவிக் கண்ணாடிப்பாய் முடைகிறார்கள். பளபளப்பான இந்தப் பாயை மடித்துச் சுருட்டலாம். ஒன்றை முடிக்கப் பல வாரங்கள் ஆகும். கூலியைக் கணக்கிட்டால் கடைவீதி விலைக்குக் கட்டுப்படியாகாது. பெரியாறு காப்பகத்தில் 1996இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் மன்னான், பளியர் குடிகளுக்குச் சுற்றுலாவில் பங்கு கிடைத்தது. காட்டில் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்தவர்கள்கூட வழிகாட்டிகளானார்கள். கண்ணாடிப்பாய்க்குப் புவிசார் குறியீடு 2025இல்தான் கிடைத்தது.

பள்ளத்தாக்கின் கைவினைகள் வேறு வாடிக்கையாளர்களை நம்பி வாழ்கின்றன. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் ஊர்களில் நெய்யும் பருத்திச் சேலைகள் ஜவுளிக் கடைகளுக்குப் போகின்றன. கைத்தறி இருந்த இடத்தில் விசைத்தறி பெருகிவிட்டது. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு வேளார்கள் தீச்சட்டி வனைகிறார்கள். வெளியூர்க்காரர் வந்தாலும் வராவிட்டாலும் தீச்சட்டிக்கு ஆண்டுதோறும் கிராக்கி உண்டு.

கடைவீதிக்கு அந்த உறுதி இல்லை. 2009 செப்டம்பரில் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை குறித்து இரு மாநிலங்களுக்கும் இடையே எழுந்த பிரச்சினையால் எல்லையில் போக்குவரத்து நின்றது. 2020இல் ஊரடங்கு வந்தது. சுற்றுலாவையே நம்பியிருக்கும் கடைகளை இவை ஒவ்வொன்றும் நேராகத் தாக்கின. ஏலக்காய்க்கு உலகம் முழுவதும் வாங்குவோர் இருப்பதால் அந்த வணிகம் தொடர்ந்தது.

குமுளியில் பொருள் வாங்குபவர், அது எந்த ஊரில் செய்தது என்று கேட்டு வாங்குவது நல்லது. சால்வை காஷ்மீருடையது, ஏலக்காயும் கண்ணாடிப்பாயும் இந்த மலையுடையவை.