கப்டன் பதவியுயர்வு (விமானசேவை)

துணை விமானியாக வலப்புற ஆசனத்தில் அமர்ந்து பணியாற்றியவர், விமானத்தின் சர்வ பொறுப்பையும் ஏற்று இடப்புற ஆசனத்துக்கு மாறும் முறை இது. பருத்தித்துறைக்கு மேற்கேயுள்ள பலாலியில் 1947 டிசம்பர் 10ஆம் திகதி, இரத்மலானையிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட எயர் சிலோனின் ‘சீதாதேவி’ விமானம் தரித்துச் சென்றபோது வடபகுதியார் கண்ட கப்டன் பதவி, நம் கடலோடிகளின் தண்டையல் பதவியைப் போன்று அநுபவத்தாலும் அதிகாரத்தாலும் அமைந்ததெனினும், அதனை அடையும் மார்க்கம் வேறு.

அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில், வெற்றிடம் இன்ன விமானவகைக்கு, இன்ன தளத்துக்கு என்று அறிவிக்கப்பட்டதும், விமானிகள் தம் விருப்பங்களை வரிசைப்படுத்தி விண்ணப்பிப்பர்; சேவைமூப்பில் முந்தியவருக்கே அவ்விடம் கிடைக்கும். திறமையைத் தரப்படுத்தும் பேச்சே அங்கில்லை. திறமை பின்னர், பாவனைப் பொறியிலும் பயணிகளுடனான பறப்பிலும் நடைபெறும் பரீட்சைகளிலேயே நிர்ணயிக்கப்படும். சர்வதேச நியமப்படி, கப்டன் பதவிக்குரிய உயர் அனுமதிப்பத்திரத்துக்குப் பொதுவாக 1,500 மணிநேரப் பறப்பு அவசியம்.

மூப்பிருந்தும் விண்ணப்பியாதார் பலர். கப்டன்களுள் கடைசியானவராகி, பண்டிகை நாளிலும் அழைப்புக்காகக் காத்திருப்பதைவிட, துணை விமானிகளுள் முதல்வராய் விரும்பிய நாட்களில் ஓய்வெடுப்பது அவர்களுக்கு உசிதமாகப்படுகிறது. இது சோம்பலன்று, நியாயமான கணக்கே. அங்கு நிறுவனம் மாறும் கப்டன், எத்தனை ஆண்டு அநுபவம் உடையவராயினும், புதிய மூப்புப் பட்டியலின் அடியிலேயே சேர்க்கப்படுவார்.