வட்டுக்கோட்டை வளவு

யாழ்ப்பாணக் கல்லூரிக்கு எத்தனை வயது என்று கேட்டால் சிலர் 1823இலிருந்து எண்ணுவார்கள், சிலர் 1872இலிருந்து. இந்த ஊரில் பிறந்து சரித்திரம் படிப்பித்த எனக்கு இரண்டுமே பிந்திய கணக்கு. வட்டுக்கோட்டை வளவில் அதற்கு நெடுங்காலம் முன்பே பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள்.

போர்த்துக்கேயர் இங்கே கத்தோலிக்கக் கோயில் ஒன்று கட்டினார்கள். ஒல்லாந்தர் அதைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டு 1678இல் திருத்திக் கட்டினார்கள். கோயில் இருந்த இடத்தில் பள்ளிக்கூடமும் இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்கு. பாடம் சொன்ன வாத்தியாரே ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் தோம்பில் பதிந்தார். பதியாத கலியாணத்தில் பிறந்த பிள்ளைக்கு முதுசத்தில் வழக்கு வரும். வீட்டில் திருநீறு பூசிய சனங்களும் அந்தப் படலையைத் திறந்தது இதனால்தான்.

ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் கோயில் கவனிப்பாரற்றுப் போயிற்று. தேசாதிபதி பிரவுன்றிக்கின் அனுமதியோடு 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தபோது சுவர்கள் நின்றன, கூரை இல்லை. அவர்கள்தான் கூரை போட்டார்கள். 1823இல் டானியல் பூவர் தலைமையில் தொடங்கிய மேற்படிப்புப் பள்ளிக்கூடத்தை ஊர் செமினறி என்றது. பிரதம நீதியரசர் ஓட்லியின் பெயரில் மண்டபம் எழுந்தது. கணிதம், வானசாஸ்திரம், தத்துவம், ஆங்கிலம், தமிழ் எல்லாம் அங்கே நடந்தன.

சாப்பாடுதான் முதல் சிக்கல். மிசன் நிலத்தில் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் உண்ணத் தாய்தகப்பன்மார் சம்மதிக்கவில்லை. பக்கத்துச் சைவக்காரரின் காணியில் குசினி போட்டுத்தான் ஆரம்பத்தில் பெடியன்களுக்குச் சோறு போட்டார்கள். மிசன் விடுதிகளில் கிணற்றுக்கும் தீட்டு வந்தது. ஒருமுறை பெடியன்கள் கிணற்றை இறைத்துச் சுத்தமாக்கப் பார்த்தார்கள். பொழுதுபட இறைத்தும் ஊற்று நிற்கவில்லை. தொடங்கும்போது இருந்த அளவு தண்ணீர் வெளியேறிவிட்டது, இனி ஊறுவது புதுத் தண்ணீர் என்று தங்களுக்குள் தீர்த்துக்கொண்டு குடித்தார்கள். படிக்கவும் வேண்டும், வீட்டை உடைக்கவும் கூடாது; அந்த வயதில் அவர்கள் கண்ட வழியை நான் மதிக்கிறேன்.

1829 மார்ச் 20இல் ஒரு சந்திரகிரகணம். பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியார் குறித்த நேரமும் அளவும் பிழை என்று பூவர் முன்கூட்டியே சொன்னார். அன்றிரவு பூவரின் கணக்குச் சரியாயிற்று. அவர் அதைத் தம் சமயத்துக்குச் சான்றாக எடுத்தார். பெடியன்கள் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் செல்வாக்கு ஒருவழிப்பாதையாக இருக்கவில்லை. பூவருக்குப் பின் அதிபராக இருந்த ஹொய்சிங்டன் சைவசித்தாந்தம் கற்று, சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் வெளியிட்டார்.

அடுத்த ஆண்டே செமினறி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு, இங்கே ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்களே தவிர ஊழியத்துக்கு வரவில்லை என்று கண்டது. பணம் கொடுத்தவர்கள் அப்படிக் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனாலும் அவர்கள் தேடிய இடத்தில் பலன் இருக்கவில்லை. 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையை நடத்திய ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினறியில் படித்த தமிழர்கள். உபகாரம் செய்த அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவது அன்றைய வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் இதே வளவில் படித்தவர்கள்தான். பட்டம் அவர்களுக்குக் கிடைத்தது செமினறி மூடிய பிறகு.

ஊர் இந்த இடத்தை விடவில்லை. 1856இலேயே உயர்பாடசாலை ஒன்று தொடங்கிற்று. 1867இல் பழைய மாணவர் கூடிக் கல்லூரி வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஒல்லாந்தர் கோயில் பேராலயமாயிற்று.

தாமோதரம்பிள்ளை செமினறியில் கிறிஸ்தவப் பெயரோடு படித்தவர். பின்னாளில் சைவத்துக்குத் திரும்பினார். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். சுவடிகளுக்கும் அச்சுக்கும் சொந்தப் பணத்தைக் கொட்டிய அவரே, ஏழாலையில் சைவப் பாடசாலை ஒன்றையும் நிறுவினார்.